சுவர்க் கடிகாரத்துக்குக் கீழே ஒரு நாற்காலி

பிள்ளையை நீச்சல் வீரனாக்கியே தீருவது என்று முடிவு கட்டிவிட்ட பெற்றோர்கள் அரைநொடியார் இருக்கும் பக்கம் தலைவைத்துப் படுக்க மாட்டார்கள். பிள்ளையை வெளியூர்ப் பயிற்சிக்கு அனுப்பலாமா வேண்டாமா என்று இரண்டு மனதாகத் தவிப்பவர்கள்தான் அவரைத் தேடி வருவார்கள். வந்தவர்களில் பாதிப் பேர் திரும்பும்போது முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டு போவார்கள். அவருக்கு அது பழகிப்போன காட்சி.

பிழைப்பு அவருக்கு லாரி எடை மேடையில். நெடுஞ்சாலை இரண்டாகப் பிரியும் இடத்தில் ஒரு சின்ன அறை, அதில் ஒரு ஜன்னல், ஜன்னலுக்கு வெளியே லாரி ஏறி நிற்கும் இரும்புத் தளம். லாரிக்காரர்கள் விடும் கதைகளைக் கேட்டுக் கேட்டுக் காது புளித்துப்போன மனிதர். சரக்கோடு எடை போடும்போது கேபினுக்குள் மூன்று பேர் மூச்சைப் பிடித்துக்கொண்டு குனிந்திருப்பார்கள். காலி வண்டியாகத் திரும்பி வரும்போது அந்த மூன்று பேரும் டீக்கடையில் இருப்பார்கள், அவர்கள் எடையும் சரக்குக் கணக்கில் சேர்ந்துவிடும். இவர் மைக்கை எடுத்து, "மூணு பேரும் இறங்கி வாங்கப்பா, டீ ஆறிடப் போகுது" என்பார். கோபப்படவே மாட்டார். எண்ணைப் பார்த்து எழுதுவது மட்டும்தான் தன் வேலை என்பதில் அவருக்குச் சந்தேகமே இருந்ததில்லை.

வாரத்தில் விடுமுறை நாளிலும், மற்ற நாட்களில் வேலைக்குப் போகும் முன்னும், அவர் நகராட்சி நீச்சல் குளத்தில் நேரம் குறிப்பவர். முப்பது வருடமாகச் சம்பளமில்லாத உத்தியோகம். குளத்தின் தொடக்க முனையில், சுவரை ஒட்டி ஆறு பிளாஸ்டிக் நாற்காலிகள் இருக்கும். நான்காவது அவருடையது. ஒரு போட்டியில் யாரோ ஒரு தகப்பன், "அரை நொடிதானே சார், கொஞ்சம் பாத்துப் போடக் கூடாதா?" என்று கேட்டிருக்கிறார். இவர் நிமிர்ந்துகூடப் பார்க்காமல், "அரை நொடிக்குள்ள ஆறு பேர் சுவரத் தொட்டுருவாங்க" என்றாராம். அன்றிலிருந்து குளத்துப் பிள்ளைகள் அவருக்கு வைத்த பெயர்தான் அரைநொடியார். முதுகுக்குப் பின்னால்தான் கூப்பிடுவார்கள். அவருக்கும் தெரியும். கடைசியில் வரும் அந்த மரியாதை "ஆர்" விகுதிக்காகப் பொறுத்துக்கொண்டார்.

தேடி வரும் பெற்றோர்களுக்கு அவர் புத்திமதி சொல்வதில்லை. சொன்னால் யார் கேட்கப்போகிறார்கள்? கையில் ஒரு ஸ்டாப்வாட்ச்சைக் கொடுத்துப் பக்கத்து நாற்காலியில் உட்கார வைப்பார். முதலில் வேறு யாருடைய பிள்ளையோ நீந்தும். இவரும் வந்தவரும் சேர்ந்து வாட்ச்சை அமுக்குவார்கள். அடுத்து வந்தவருடைய சொந்தப் பிள்ளை. மறுபடி இரண்டு பேரும் அமுக்குவார்கள். எடைச் சீட்டின் பின்பக்கத்தில் இரண்டு பேரும் பிடித்த நேரங்களை எழுதிக் கையில் கொடுப்பார். அவ்வளவுதான் வைத்தியம்.

எல்லாருக்கும் வேண்டாம் என்று சொல்லி அனுப்பும் கல்நெஞ்சக்காரர் என்று நினைத்துவிட வேண்டாம். தபால் கொடுக்கும் அம்மா ஒருத்தி வந்தாள். தன் மகளுக்கு அவள் அமுக்கிய நேரமும் இவர் அமுக்கிய நேரமும் அச்சாக ஒன்றாக இருந்தன. லீவு நாளில் மழை பெய்தாலும் குளத்துக்குப் போகணும் என்று அந்தப் பெண்ணே அம்மாவை எழுப்புவாளாம். இவர் எழுந்து நின்று, "கூட்டிக்கிட்டுப் போங்கம்மா. யோசிக்காதீங்க" என்றார். அந்தப் பெண் இப்போது நாட்டுக்காக நீந்துகிறாள். அப்படி அவர் எழுந்து நின்றது முப்பது வருடத்தில் இரண்டே இரண்டு தடவை.

இந்த வாட்ச் வைத்தியத்தை அவர் கற்றுக்கொண்டது சொந்த வீட்டில்தான். அது கசப்பான கதை. அவருக்கு ஒரே மகன். பதினான்கு வயதில் மீன் மாதிரி நீந்துவான். போட்டிகளில் சொந்தப் பிள்ளையின் வரிசைக்கு நேரம் குறிக்கக் கூடாது என்பது விதி. பயிற்சிக்கு அந்த விதி கிடையாதே. தினமும் காலையில் தானே நேரம் பிடித்து ஒரு நோட்டில் எழுதி வந்தார். நோட்டில் இருந்த மகன் ஊரிலேயே இல்லாத வேகக்காரன். போட்டியில் வந்த நேரத்தை ஒதுக்கிவிட்டு, அந்த நோட்டை மட்டும் நம்பி, ஒன்பதாம் வகுப்போடு பள்ளியை நிறுத்தி, வெளியூர்ப் பயிற்சி முகாமில் கொண்டுபோய் விட்டார். அங்கே கை பட்டதும் தானாக நேரம் காட்டும் எந்திரப் பலகையைத் தண்ணீருக்குள் வைத்திருந்தார்கள். அந்தப் பலகைக்கு அப்பா கிடையாது. முதல் போட்டியில் மகன் கடைசிக்கு முந்தினவனாக வந்தான். இரண்டு வருடம் கழித்துத் திரும்பி வந்தபோது கூடப் படித்தவர்கள் எங்கோ போயிருந்தார்கள். சின்னப் பிள்ளைகளோடு போய் உட்கார அவனுக்குக் கூச்சம். லிஃப்ட் கம்பெனியில் எடுபிடியாகச் சேர்ந்து, மெக்கானிக் ஆனான். கல்யாணம் ஆயிற்று, பெண் குழந்தை பிறந்தது. ஞாயிற்றுக்கிழமை தவறாமல் அப்பா வீட்டுக்குச் சாப்பிட வருவான். ஆனால் அதற்குப் பிறகு தண்ணீரில் கால் வைக்கவில்லை. அப்பாவை ஒரு வார்த்தை குறையும் சொன்னதில்லை. நாலு வார்த்தை திட்டியிருந்தால்கூடத் தேவலை என்று அரைநொடியாருக்குப் பல நாள் தோன்றியிருக்கிறது.

ஒரு வியாழக்கிழமை சாயங்காலம் எடை மேடை அறைக்கு, பேக்கரி அடுப்பில் வேலை பார்க்கும் ஒரு பேக்கரிக்காரரும் அவர் மனைவியும் வந்தார்கள். இரண்டு லாரிக்கு நடுவே ஒதுங்கி ஒதுங்கி அந்த அம்மாள் வருவதை ஜன்னல் வழியாகப் பார்த்த உடனே இது குளத்துச் சங்கதி என்று அவருக்குப் புரிந்துவிட்டது. இரும்பு, டீசல் வாடையைத் தவிர வேறு எதுவும் அறியாத அந்த அறையில் பன் வாசனை பரவியது.

"சார், உண்மையச் சொல்லணும். பூசி மெழுக வேண்டாம்" என்றார் பேக்கரிக்காரர். எல்லோரும் இப்படித்தான் ஆரம்பிப்பார்கள். பாதி உண்மை வருவதற்குள் செருப்பைத் தேடுவார்கள்.

விஷயம் இதுதான். அவர்களுடைய பெண்ணுக்குப் பதின்மூன்று வயது. ரயிலில் நான்கு மணி நேரம் தள்ளியிருக்கும் ஒரு பெரிய பயிற்சி மையத்தில், அப்பா எழுதி அனுப்பிய நேரங்களை வைத்து இடம் கிடைத்திருக்கிறது. சனிக்கிழமைக்குள் பதில் எழுத வேண்டும். அங்கே போனால் இங்கே பள்ளிக்கூடம் கிடையாது. பேக்கரிக்காரர் வேலையை விட்டுவிட்டு மகளோடு போய் ஓர் அறை எடுத்துத் தங்குவதாக ஏற்பாடு. முதலாளியிடம் பாதி சொல்லியும்விட்டார். கடிதத்தின் கடைசி வரியில் ஒரு நிபந்தனை இருந்தது. மூன்று மாதத்துக்குள் நூறு மீட்டரை ஒரு நிமிஷம் மூன்றரை நொடிக்குள் நீந்திக் காட்ட வேண்டும். இல்லையென்றால் மூட்டையைக் கட்ட வேண்டியதுதான். அதற்குள் இங்கே பள்ளி இடம் வேறு யாருக்கோ போயிருக்கும்.

"அதெல்லாம் கவலையே இல்ல சார்" என்று ஒரு நோட்டை நீட்டினார். "ஒரு நிமிஷம் மூணு புள்ளி ரெண்டு. போன வாரமே அடிச்சிட்டா."

அரைநொடியார் நோட்டின் மேல் குனிந்தார். தேதி, நேரம், பக்கத்தில் ஒரு சின்ன நட்சத்திரம். அவருடைய நோட்டிலும் நட்சத்திரம் உண்டு.

"போட்டியில என்ன வந்துச்சு?"

"போட்டியில நாலுக்கு மேலதான் வருது. ஒரு தடவை தண்ணி ரொம்ப ஜில்லுன்னு இருந்துச்சு. இன்னொரு தடவை பக்கத்து லைன்ல ஒரு பொண்ணு தண்ணிய அடிச்சு அடிச்சு இவ மூஞ்சியில விட்டா. பதட்டம் வேற."

"போன வருஷம் இதே மாசம்?"

பேக்கரிக்காரர் பக்கங்களைப் புரட்டினார். போன வருடத்துக்கும் இந்த வருடத்துக்கும் பெரிய வித்தியாசம் இல்லை. "இப்பதான் சூடு பிடிக்குது சார்" என்றார்.

"பொண்ணு வளருதா? வளந்தாத்தான் நேரமும் குறையும்."

அவர் வாயெடுப்பதற்குள் மனைவி முந்திக்கொண்டாள். அவள் வீட்டிலிருந்தபடியே பழைய துணிகளைப் பிரித்துத் தைத்துக் கொடுப்பவள். "வருஷம் ஒரு தடவை யூனிஃபார்ம் மடிப்பப் பிரிச்சு இறக்கி விடுவேன் சார். இந்த வருஷம் கத்திரிய எடுக்கவே இல்ல" என்றாள். வீட்டில் யாரிடமும் அவள் இதுவரை சொல்லாத கணக்கு அது என்பது கணவன் திரும்பிப் பார்த்த பார்வையிலேயே தெரிந்தது.

"நாளைக்குக் காலையில குளத்துக்கு வாங்க. பேசிக்கிட்டே இருந்தா ஒண்ணும் தெரியாது" என்று அனுப்பிவைத்தார்.

மறுநாள் காலை ஐந்தரைக்குப் பேக்கரிக்காரர் அடுப்படியிலிருந்து நேராக வந்தார். முழங்கை மடிப்பில் மாவு ஒட்டியிருந்தது, கண் சிவந்திருந்தது. இரவெல்லாம் அடுப்பு முன்னால் நின்றுவிட்டு, தூங்காமல் தினமும் இப்படித்தான் மகளோடு வந்து நிற்பார். அரைநொடியார் அவரை ஐந்தாம் நாற்காலியில் உட்கார வைத்து வாட்ச்சைக் கொடுத்தார். மனைவி கொஞ்சம் தள்ளி நின்றாள்.

முதலில் யாரோ ஒரு டாக்டரின் மகள் நீந்தினாள். கோச் விசில் ஊதியதும் இரண்டு விரலும் ஒன்றாக அமுங்கின. முடிவில் பார்த்தால், நொடியில் பத்தில் ஒரு பங்குதான் வித்தியாசம். "கை நல்ல கை" என்றார் அரைநொடியார். பேக்கரிக்காரருக்குப் பெருமை தாங்கவில்லை.

அடுத்து அவருடைய பெண். விசில் ஊதியது. பேக்கரிக்காரரின் கண் மகளிடம் போயிற்று. அவள் மேடையை உதைத்து எழும்பி, காற்றில் நீண்டு, தண்ணீருக்குள் சளக்கென்று இறங்கிய பிறகுதான் அவர் விரலுக்கு ஞாபகம் வந்தது. கடைசியில் மகளின் கை சுவரை நோக்கி நீண்டதுமே அமுக்கிவிட்டார். கை இன்னும் சுவரைத் தொட்டிருக்கவில்லை.

அவர் வாட்ச்சில் ஒரு நிமிஷம் மூன்று புள்ளி இரண்டு. அரைநொடியார் வாட்ச்சில் ஒரு நிமிஷம் நான்கு புள்ளி மூன்று.

"உங்க வாட்ச்ல ஏதோ கோளாறு சார்."

"மாத்திக்குவோம்" என்று தன்னுடையதை அவரிடம் கொடுத்துவிட்டு அவருடையதை வாங்கிக்கொண்டார். பெண் மூச்சு வாங்கட்டும் என்று கால் மணி நேரம் விட்டார்கள். மறுபடியும் நீந்தினாள். களைத்துப்போயிருந்ததால் இரண்டு நேரமுமே கொஞ்சம் கூடியிருந்தன. நடுவில் இருந்த இடைவெளி மட்டும் அப்படியே இருந்தது. அரைநொடியார் எடைச் சீட்டைத் திருப்பிப் போட்டு நான்கு எண்களையும் எழுதினார்.

பேக்கரிக்காரர் முகத்தில் ஈயாடவில்லை. பிறகு கோபம் பொத்துக்கொண்டு வந்தது. "அப்ப நான் ஏமாத்துறேன்னு சொல்றீங்களா? ஒருத்தன் புள்ள முன்னுக்கு வந்தா உங்களுக்கெல்லாம் கண்ணு உறுத்துது!"

"டாக்டர் பொண்ணுக்குச் சரியாத்தானேங்க இருந்துச்சு" என்றாள் மனைவி மெதுவாக.

அவர் மனைவியைப் பார்த்தார். சீட்டைப் பார்த்தார். பொசுக்கென்று அடங்கிப்போனார்.

"நீங்க ஏமாத்தல" என்றார் அரைநொடியார். "அடுத்த வீட்டுப் புள்ளன்னா விசிலக் கேக்குறோம். நம்ம புள்ளன்னா புள்ளையத்தான் பாக்குறோம். இந்த ஒரு நொடி பாசம் சார், வேற ஒண்ணும் இல்ல. இதே விரலால நானும் என் பையனுக்கு அமுக்கினேன். அவன் படிப்பு போச்சு. இன்னும் எனக்கு ஆறல."

 பெண் துண்டைப் போர்த்திக்கொண்டு சொட்டச் சொட்ட வந்து நின்றாள். பேக்கரிக்காரர் சீட்டை ஒளிக்கப் பார்த்தார், முடியவில்லை. கடைசியில் அதை அவளிடமே நீட்டினார். "பாப்பா, அப்பா நேரத்தத் தப்பாப் புடிச்சிருக்கேன். மூணு இல்ல, நாலு."

பெண் சீட்டை வாங்கிக்கூடப் பார்க்கவில்லை. "தெரியும்ப்பா."

"என்ன தெரியும்?"

"நாலுன்னு." அவர்கள் தலைக்கு மேலே கையைக் காட்டினாள். "சிவப்பு முள்ளு உச்சிக்கு வர்றப்பதான் கோச் சார் விசில் ஊதுவாரு. வந்து தொட்டுட்டுத் தலையத் தூக்குனா நேரா அதுதான் தெரியும். எல்லாரும் அதப் பாத்துத்தான் தெரிஞ்சுக்குவோம்."

அரைநொடியார் திரும்பி அண்ணாந்து பார்த்தார். நாற்காலிகளுக்கு மேலே, சுவரில், தட்டு அகலத்துக்கு ஒரு கடிகாரம். நொடி காட்டும் ஒற்றைச் சிவப்பு முள் சுற்றிக்கொண்டிருந்தது. அதற்கு பேட்டரி மாற்றுவதே அவர்தான். முப்பது வருடமாக அதற்கு முதுகைக் காட்டி உட்கார்ந்திருந்தாரே தவிர, தண்ணீரில் இருப்பவர்களுக்கு அதுதான் எதிரே இருக்கிறது என்று ஒரு நாளும் யோசித்ததில்லை.

"ஏன் பாப்பா சொல்லல?" என்று கேட்டாள் அம்மா.

பெண் கால் விரலால் தரையில் இருந்த தண்ணீரைத் தள்ளினாள். "அப்பா நேரத்தப் படிக்கிறப்ப சிரிப்பாரு. தூங்காம வந்து நிக்கிறாரு. அதான்."

"உனக்கு அங்க போகணுமா?" இதைக் கேட்டது பேக்கரிக்காரர். இத்தனை நாளில் இதை அவர் மகளிடம் முதல் தடவையாகக் கேட்கிறார் என்பது அவள் முழித்த முழியிலேயே தெரிந்தது.

"ஆசையாத்தான் இருக்கு. ஆனா மூணு மாசத்துல திருப்பி அனுப்பிட்டா நீங்க என்ன ஆவீங்கன்னு பயமா இருக்கு. அத நெனச்சா ராத்திரி தூக்கம் வரல."

பேக்கரிக்காரர் மகளை இழுத்துப் பக்கத்தில் நிறுத்திக்கொண்டார். சட்டை நனைந்தது, முழங்கை மாவு பசையாயிற்று. அவர் அதைக் கவனிக்கவில்லை.

"இப்ப நான் என்ன சார் பண்ணட்டும்?" என்று கேட்டார். ஏமாற்றத்தை மென்று விழுங்கிவிட்டுக் கேட்டது குரலிலேயே தெரிந்தது. அரைநொடியாருக்கு அவரை ரொம்பப் பிடித்துப்போயிற்று.

"உண்மையான நேரத்த எழுதி அனுப்புங்க. இதுக்கும் வாங்கன்னு சொன்னா அப்ப யோசிக்கலாம். இல்லன்னா பள்ளிக்கூடம் இருக்கு, இந்தக் குளமும் எங்கயும் போகாது. நீந்துறத யாரும் நிறுத்தச் சொல்லல."

அன்று மத்தியானமே கடிதம் போயிற்று. மனைவிதான் எழுதினாள். பிறகு ஒரு வாரத்தில் இரண்டு வரியில் பதில் வந்தது. இந்த நேரத்துக்கு இந்த வருடம் இடம் தர முடியாது, அடுத்த வருடம் பார்க்கலாம் என்று. பேக்கரிக்காரர் இரண்டு நாள் யாரோடும் சரியாகப் பேசவில்லை. மூன்றாம் நாள் காலை மகளோடு குளத்துக்கு வந்து கேலரியில் காலை நீட்டி உட்கார்ந்து, அவள் நீந்தி முடிக்கும் வரை நன்றாகத் தூங்கினார்.

ஆனால் கடிதம் போன அன்று எடை மேடையில் அரைநொடியாருக்கு வேலை ஓடவில்லை. ஒரே எடைக்கு இரண்டு தடவை சீட்டு எழுதினார். கேபினுக்குள் எத்தனை பேர் குனிந்திருந்தார்கள் என்றுகூடப் பார்க்கவில்லை. ஞாயிறு வரை பொறுக்க முடியாமல், நான்கு மணிக்கே கிளம்பி, மகன் வேலை செய்துகொண்டிருந்த அடுக்குமாடிக் கட்டடத்துக்குப் போனார்.

கீழ்த்தளத்தில் லிஃப்ட் கதவு திறந்து கிடந்தது. மகன் குழிக்குள் இறங்கி, இடுப்பளவு பள்ளத்தில் நின்றுகொண்டு எதையோ முடுக்கிக்கொண்டிருந்தான்.

"என்னப்பா, இந்தப் பக்கம்? உடம்புக்கு ஒண்ணும் இல்லையே?"

"ஒண்ணும் இல்ல." தரையில் உட்கார்ந்துகொண்டார். "குளத்துல என் நாற்காலிக்கு மேல ஒரு கடிகாரம் இருக்குமே. சிவப்பு முள்ளு."

மகன் நிமிரவில்லை. "ஆமா."

"அப்பவும் இருந்துச்சா? நீ நீந்துறப்ப?"

"இருந்துச்சு."

"அப்ப உனக்குத் தெரியுமா? நான் எழுதுன நேரமெல்லாம் தப்புன்னு?"

ஸ்பேனர் நின்றது. "முதல் வாரத்துலயே தெரியும்" என்றான்.

 பதினெட்டு வருடமாக அரைநொடியார், மகனை ஏமாற்றிவிட்டோம், அவன் ஏமாந்துவிட்டான் என்றுதான் உருகிக்கொண்டிருந்தார். அவன் எல்லாம் தெரிந்தே பெட்டியைத் தூக்கிக்கொண்டு ரயில் ஏறியிருக்கிறான் என்பதைத் தாங்க முடியவில்லை. "ஏன்டா ஒரு வார்த்தை சொல்லல? சொல்லியிருந்தா பள்ளிக்கூடத்த நிறுத்தியிருக்க மாட்டேனே."

மகன் கையைத் துணியில் துடைத்துக்கொண்டான். எண்ணெய் போகவில்லை. மறுபடியும் துடைத்தான்.

"சொல்லியிருந்தா வாட்ச்ச எடுத்து உள்ள வச்சிருப்பீங்க. காலையில என்கூட வந்திருக்க மாட்டீங்க" என்றான். "நாள் பூரா லாரி, சாயங்காலம் குளத்துக் கமிட்டி, மீட்டிங். உங்கள நான் பாத்ததே அந்த ஒரு மணி நேரம்தான்ப்பா. இது பள்ளிக்கூடத்த நிறுத்துற வரைக்கும் போகும்னு எனக்கு மட்டும் தெரியுமா?"

அரைநொடியார் அழுதார். மறைக்கவில்லை. மேல் மாடியிலிருந்து படியில் இறங்கி வந்த ஒரு பெண்மணி, லிஃப்ட் ரிப்பேர் ஆனதற்கா இந்த அழுகை என்பது போல் பார்த்துவிட்டுப் போனாள்.

மகன் டார்ச்சை எடுத்து நீட்டினான். "இத அந்த மூலைக்குக் காட்டுங்க. கை ஆடாம." அவர் காட்டினார்.  அவன் மிச்சமிருந்த நட்டுகளை முடுக்கி முடித்து, மேலே ஏறி வந்து அவர் பக்கத்தில் உட்கார்ந்தான்.

"குளத்த இப்பவும் அஞ்சரைக்குத்தான் தொறக்குறாங்களா?"

"ஆமா, அஞ்சரை."

"நாளைக்கு வர்றேன். என் பாப்பாவையும் கூட்டிட்டு வர்றேன், தண்ணியில கால நனைக்கட்டும்." கருவிகளைப் பையில் போட்டு ஜிப்பை இழுத்தான். "நீங்களும் வாங்க. வாட்ச்ச வீட்டுலயே வச்சிட்டு வாங்க."